குதிரைக்குப் பூச்சி மருந்து: நாள் பார்த்தல்ல, லத்தி பார்த்து

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு லாயங்களில் குடற்புழு மருந்து கொடுப்பது வழக்கம். அதையொட்டி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மருந்தின் அளவுகளை 1 கிலோ உடல் எடைக்கு எவ்வளவு என்று குறித்திருக்கிறோம். உங்கள் குதிரையின் வயது, உடல்நிலை, சினை ஆகியவற்றைப் பார்த்து கால்நடை மருத்துவர் சொன்ன பிறகே கொடுங்கள்.

எங்களிடம் ஆறு குதிரைகள் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் ஐவர்மெக்டின் பேஸ்ட் கொடுத்துவிடுகிறோம். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் புழு பழகாது என்கிறார் லாடம் கட்டுபவர். அவர் சொல்வது சரியா?
– பொள்ளாச்சி வாசகர்

இரண்டு மாதக் கணக்கையும் விடுங்கள், மாற்றிக் கொடுப்பதையும் விடுங்கள்.

இரண்டு மாதக் கணக்கு 1960-களில் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தது. அன்றைக்குக் குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்தது ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்ற பெரிய ரத்தப்புழு. அதன் இளம்புழு குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் ஏறி, அங்கே ரத்தம் உறையச் செய்து, குடலின் ஒரு பகுதியையே சாகடிக்கும். அந்தப் புழு முட்டையிடும் அளவுக்கு வளர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், அடிக்கடி மருந்து கொடுத்து அதை அடக்க முடிந்தது. இன்று வளர்ந்த குதிரைகளில் மிகுதியாக இருப்பது சிறு ஸ்ட்ராங்கைல் என்ற வேறு கூட்டம். வேகமாகப் பெருகும், மருந்துக்கும் வேகமாகப் பழகும். பென்பெண்டசோல் என்ற புழு மருந்துக்கு இது பழகிவிட்டதாக உலகின் பல பகுதிகளில் உறுதியாகியிருக்கிறது. பைராண்டலுக்கும் பல இடங்களில் அப்படியே.

மாற்றிக் கொடுப்பதால் பழக்கம் தடைபடாது. வேலை செய்யாத மருந்து ஒன்று அந்த வரிசையில் இருந்தால் அதுவும் தெரியாமல் போகும். ஜனவரியில் கொடுத்தது பலிக்காவிட்டாலும் மார்ச்சில் கொடுத்தது அதை மறைத்துவிடும்.

ஒரு கூட்டத்தில் உள்ள எல்லாக் குதிரைகளும் லத்தியோடு ஒரே அளவு புழு முட்டை போடுவதில்லை. சுமார் 20 சதவீதக் குதிரைகள்தான் மொத்த முட்டையில் 80 சதவீதத்தைப் போடுகின்றன. உங்கள் ஆறில் ஒன்றோ இரண்டோதான் மேய்ச்சல் நிலத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அது எது என்று தோற்றத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பளபளவென்று கொழுத்து நிற்பதே அதுவாகவும் இருக்கலாம். லத்தியில் முட்டையை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1 கிராம் லத்தியில் 200 முட்டைக்குக் கீழே இருந்தால் குறைவு, 200 முதல் 500 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த குதிரை பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு அதே வகையிலேயே நிற்கும்.

சமவெளி மாவட்டங்களுக்கு நாங்கள் சொல்லும் முறை இது. செப்டம்பர் கடைசியில் எல்லாக் குதிரைகளின் லத்தியையும் எண்ணுங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுங்கள். நவம்பர் கடைசியில் மறுபடி எண்ணி, அதிகம் போடும் குதிரைக்கு மட்டும் இன்னொரு முறை கொடுங்கள். மழை ஓய்ந்து ஜனவரியில் எல்லாவற்றுக்கும் ஐவர்மெக்டினும் பிராசிகுவான்டெலும் சேர்ந்த பேஸ்ட். பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்காக. அந்தப் புழு சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வயிற்றுவலியைக் கொண்டுவரும். அதன் முட்டை லத்திச் சோதனையில் பெரும்பாலும் அகப்படாது. முட்டை குறைவாகப் போடும் குதிரைக்கும் செப்டம்பர், ஜனவரி ஆகிய இந்த இரண்டு முறையை விடக்கூடாது. பழைய ரத்தப்புழு திரும்பாமல் காப்பது அதுதான்.

சித்திரை, வைகாசியில் காரணமில்லாமல் கொடுக்காதீர்கள். காய்ந்த தரையில் அந்த வெயிலில் இளம்புழுக்கள் பெரும்பாலும் தாமே மடிந்துவிடும். அப்போது மருந்து கொடுத்தால் உயிரோடு மிஞ்சுவது மருந்துக்குத் தப்பிய புழு மட்டும்தான். அடுத்த மழைக்கு நிலத்தில் பரவுவது அதன் சந்ததி. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இந்த வெயில் உதவி கிடையாது. குளிர்ந்த ஈரப் புல்லில் இளம்புழு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அங்கே இரண்டு மழைக்காலத்தையும் கணக்கில் எடுத்து மருத்துவரோடு அட்டவணை போடுங்கள்.

லத்தியில் முட்டை எண்ணுவதை லாயத்திலேயே செய்ய முடியுமா? என்னென்ன வேண்டும்?
– தஞ்சாவூர் வாசகர்

தாராளமாகச் செய்யலாம். 10 மடங்கு லென்ஸும் 10 மடங்கு கண்லென்ஸும் உள்ள சாதாரண மாணவர் நுண்ணோக்கி, மெக்மாஸ்டர் என்ற கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி, 1 கிராம் வரை சரியாகக் காட்டும் சிறு தராசு, டீ வடிகட்டி, பிளாஸ்டிக் துளிக்குழாய், உப்பு. இவை போதும்.

முதலில் உப்புக் கரைசல். 1 லிட்டர் வெந்நீரில் சுமார் 400 கிராம் சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் தங்க வேண்டும். தங்கினால்தான் கரைசல் முழு அடர்த்திக்கு வந்திருக்கிறது. ஆறவிட்டுத் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி குறைந்தால் முட்டை மிதக்காது, எண்ணிக்கை பொய்யாகக் குறையும்.

லத்தி போட்டவுடன் நடுவிலிருந்து இரண்டு மூன்று உருண்டையை எடுங்கள். மண் ஒட்டிய பகுதி வேண்டாம். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, உடனே பார்க்க முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைக்கக்கூடாது. வெயிலில் பைக்குள் கிடந்தால் முட்டை சில மணி நேரத்திலேயே பொரியத் தொடங்கி, சோதனையில் காணாமல் போகும். ‘புழுவே இல்லை’ என்று வரும் பொய் முடிவுகளுக்கு இது ஒரு பெரிய காரணம்.

4 கிராம் லத்தியை எடை போட்டு, 56 மில்லி உப்புக் கரைசலில் நன்றாக மசியுங்கள். டீ வடிகட்டியில் வடித்து, வடித்ததை மறுபடி கலக்கி, கலங்கலாக இருக்கும்போதே துளிக்குழாயில் உறிஞ்சிக் கண்ணாடியின் இரண்டு அறைகளையும் நிரப்புங்கள். காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. 5 நிமிடம் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து மேல் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒட்டும். நுண்ணோக்கியை அந்த மட்டத்துக்குச் சரிசெய்து, கோடுகளுக்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். இரண்டு அறையையும் கூட்டி 50-ஆல் பெருக்கினால் 1 கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். 7 முட்டை கண்டால் 350. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் உப்பு படிந்து முட்டை சுருங்கிவிடும்.

ஸ்ட்ராங்கைல் முட்டை நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சைக் கொத்துபோல அணுக்களோடு இருக்கும். குட்டிகளின் உருண்டைப்புழு முட்டை வட்டமாக, பழுப்பாக, தடித்த ஓட்டோடு இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. நுண்ணோக்கி வாங்க முடியாதவர்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளையும் அணுகலாம். கொடுக்கும்போது ‘புழு இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘கிராமுக்கு எத்தனை முட்டை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘இருக்கிறது’ என்ற பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, புல் மேயும் குதிரை எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

மருந்து பலித்ததா என்பதையும் இதே முறையில் அறியலாம். மருந்து கொடுக்கும் நாளில் ஒருமுறை, சரியாக 14 நாள் கழித்து ஒருமுறை எண்ணுங்கள். முன்பு 800, பிறகு 200 என்றால் முட்டை 75 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. பென்பெண்டசோல் குறைந்தது 90, பைராண்டல் 85, ஐவர்மெக்டின் 95 சதவீதம் குறைக்க வேண்டும். ஒரே குதிரையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், முட்டை அதிகமுள்ள நான்கைந்து குதிரைகளின் சராசரியைப் பாருங்கள். எடைக்குக் குறைவாக மருந்து போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதையும் சரிபாருங்கள்.

மூன்றரை மாதக் குட்டி. வயிறு பானைபோல இருக்கிறது, முடி சொரசொரப்பாக இருக்கிறது, அவ்வப்போது இருமுகிறது. தாய்க்குக் கொடுத்த ஐவர்மெக்டினில் மீதம் இருக்கிறது, கொடுத்துவிடலாமா?
– திண்டுக்கல் வாசகர்

கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் உருண்டைப்புழுவுக்குப் பொருந்துகின்றன. இந்தப் புழு ஒரு சாணுக்கு மேலும் வளரும். இளம்புழு ஈரல், நுரையீரல் வழியாகப் போய்த்தான் குடலுக்குத் திரும்பும், இருமல் அதனால்தான். ஐவர்மெக்டினும் பைராண்டலும் புழுவைச் செயலிழக்க வைத்துவிடும். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் தளர்ந்து சிறுகுடலில் திரண்டால் கயிற்றுப் பந்தாக அடைத்துக்கொள்ளும். மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாளில் குட்டி தரையில் புரண்டு வலியால் துடிக்கும்; அறுவை சிகிச்சை செய்தாலும் பிழைப்பது அரிது. அதோடு இந்தப் புழு ஐவர்மெக்டினுக்குப் பல நாடுகளில் பழகியும் விட்டது.

முதலில் லத்தியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். குட்டிக்கு வழக்கமாக நாம் தேர்ந்தெடுப்பது பென்பெண்டசோல், 1 கிலோவுக்கு 10 மி.கி. 80 கிலோ குட்டிக்கு 800 மி.கி. பெரிய குதிரைக்குச் சொல்லும் 5 மி.கி. கணக்கு இங்கே போதாது. இது புழுவை மெதுவாகக் கொல்வதால் அடைப்புக்கு வாய்ப்பு குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வயிறு இவ்வளவு உப்பியிருக்கும் குட்டிக்கு மருத்துவர் நேரில் பார்த்த பிறகே எதையும் கொடுக்க வேண்டும். கொடுத்த பின் மூன்று நாள் கண்காணியுங்கள்: பால் குடிக்க மறுப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி நிற்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவரை அழையுங்கள்.

அடுத்த குட்டிக்கு, இரண்டு மூன்று மாத வயதில் ஒருமுறையும் தாயிடமிருந்து பிரிக்கும் நேரத்தில், அதாவது ஐந்தாறு மாதத்தில், இன்னொரு முறையும் போதும். இரண்டாவது முறை லத்தியில் உருண்டைப்புழு முட்டையா ஸ்ட்ராங்கைல் முட்டையா என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் தவறாமல் கொடுப்பது குட்டிக்கு நன்மை செய்யாது.

இந்தப் புழுவின் முட்டை பிசுபிசுப்பாக எதிலும் ஒட்டும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வழக்கமான கிருமிநாசினிகள் எதற்கும் அசையாது. பிரசவ அறையைச் சுரண்டிக் கழுவிக் கொதிநீர் விடுங்கள். குட்டி போடுவதற்கு முன் தாயின் மடியைக் கழுவுங்கள். ஆண்டுதோறும் ஒரே கொட்டகையிலும் ஒரே சிறு வயலிலும் குட்டிகளை வைப்பதை நிறுத்துங்கள்.

பேஸ்டைக் கொடுத்தால் பாதியைத் துப்பிவிடுகிறது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியே மலிவு, அதைப் போடலாமா?
– ஈரோடு வாசகர்

போடாதீர்கள். குதிரையின் தசையில் அந்த ஊசி போட்ட இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் கிருமி பெருகி, தசை அழுகி, குதிரை இறந்த நிகழ்வுகள் உண்டு. மாட்டு மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். பென்பெண்டசோல் மட்டும் உள்ள 1.5 கிராம் போலஸைப் பொடித்துக் கொடுக்கலாம். ஆனால் கூட்டு மருந்துகளில் லெவாமிசோல் போன்றவை சேர்ந்திருக்கும், குதிரைக்கு அதில் பாதுகாப்பு எல்லை மிகக் குறுகியது. அட்டையில் உள்ள சேர்மானத்தை முழுக்கப் படியுங்கள். உண்ணிக்கு மாட்டில் தெளிக்கும் அமிட்ராஸையும் குதிரைமேல் தெளிக்கக்கூடாது, குடல் அசைவு நின்று லத்தி அடைத்துக்கொள்ளும்.

துப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் வாயில் இருக்கும் தீவனம். கொடுக்கும் முன் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிரிஞ்சின் தண்டிலுள்ள வளையத்தை உரிய எடைக்கோட்டில் திருகி நிறுத்துங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி இருக்கும், அதன் வழியே நுழைத்து நாக்கின் பின்பகுதியில் விடுங்கள். விழுங்கும்வரை தலையைச் சற்றே உயர்த்திப் பிடித்தால் போதும். மாட்டுக்குச் செய்வதுபோல மூங்கில் குழாயில் தண்ணீராக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். பொடித்த மாத்திரையைக் கொஞ்சம் தவிட்டிலும் கருப்பட்டியிலும் பிசைந்து, மற்ற தீவனம் வைக்கும் முன் கொடுங்கள். தரையில் சிந்திய பேஸ்டை உடனே எடுத்துவிடுங்கள். நாய்க்கு, குறிப்பாக ‘கோலி’ (collie) இன நாய்களுக்கு, அது உயிருக்கே ஆபத்து.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து புட்டமுனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 என்று போட்டால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. ஐவர்மெக்டின் 1 கிலோவுக்கு 0.2 மி.கி., ஆக 69 மி.கி. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சரிவராது, தராசில் ஏற்றுவதே நல்லது.

அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் ஒரு கத்தியவார் குதிரை வாங்கியிருக்கிறேன். எப்போது மற்றவற்றோடு விடலாம்?
– சேலம் வாசகர்

சந்தையில் வாங்கும் குதிரை எந்த மருந்துக்குப் பழகிய புழுவைச் சுமந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரமாவது தனி லாயத்தில், தனி வாளி, தனித் துடைப்பத்தோடு வையுங்கள். வந்த அன்றே லத்தி எடுத்து எண்ணிவிட்டு, ஐவர்மெக்டின்–பிராசிகுவான்டெல் கொடுங்கள். 14-ம் நாள் மறுபடி எண்ணி, முட்டை இல்லை என்றால் மட்டும், மூன்று வாரம் முடிந்ததும் மேய்ச்சலுக்கு விடுங்கள். அந்த நாட்களில் விழும் லத்தி மேய்ச்சல் நிலத்துக்குப் போகக்கூடாது. இதே காலத்தில் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் முடியுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

மருந்தைக் குறைத்துப் புழுவைக் கட்டுப்படுத்த வழி உண்டா? இடம் ஒரு ஏக்கர்தான். பக்கத்திலேயே மாடும் மேய்கிறது.
– புதுக்கோட்டை வாசகர்

லத்தியை அள்ளுங்கள். இதைவிட நல்ல மருந்து கிடையாது. மழைக்கால வெப்பத்தில் முட்டை பொரிந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு வாரத்துக்குள் ஆகிவிடும். வாரம் இரண்டு முறை மேய்ச்சல் நிலம் முழுக்க அள்ளினால் அந்தச் சுற்றே அறுந்துபோகும். மழைக்காலத்தில் லத்தியை உடைத்துப் பரப்பிவிடக் கூடாது. லத்தியைச் சுற்றிக் குதிரை மேயாமல் விட்டிருந்த புல்லுக்கும் புழு போய்ச்சேரும். கோடையில் பரப்பலாம், ஆனால் குதிரைகளை வேறிடத்தில் கட்டி நான்கு வாரமாவது அந்த நிலத்தை வெயிலுக்கு விட வேண்டும்.

அள்ளியதைப் பச்சையாகப் புல் வயலில் போடாதீர்கள். ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் குவித்து, ஈரம் காயாமல் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். கையை உள்ளே விட்டால் பொறுக்க முடியாத சூடு இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் எருவாகிவிடும்.

மாடு பக்கத்தில் மேய்வது உங்களுக்கு நல்லது. குதிரையின் ஸ்ட்ராங்கைல் மாட்டின் வயிற்றில் பிழைக்காது. குதிரை மேய்ந்த இடத்தில் அடுத்து மாட்டை விட்டால் புல்லோடு புழுவையும் தின்று அழித்துவிடும். கழுதை இருந்தால் மட்டும் சேர்த்து மேயவிடாதீர்கள், அதன் நுரையீரல் புழு குதிரைக்கு வந்து ஆறாத இருமலைத் தரும். ஒரு ஏக்கருக்கு இரண்டு குதிரைக்கு மேல் விடாதீர்கள். புல் குட்டையாகிவிட்டால் வைக்கோலும் வெட்டிய தீவனமும் கொடுத்துக் கட்டிவையுங்கள். புழு இருப்பது புல்லின் அடிப்பகுதியில்தான்.

வாலைச் சுவரில் தேய்த்து முடியெல்லாம் போய்விட்டது. லத்திச் சோதனையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
– மதுரை வாசகர்

இது ஊசிப்புழுவாக இருக்கலாம். அது லத்தியில் முட்டையிடாது, வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டைகளை ஒட்டும். காலையில் கழுவும் முன் அந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். மருந்தோடு, தினமும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியை எரித்துவிட வேண்டும். தேய்த்த சுவர், தூண், வாளி எல்லாவற்றையும் கழுவுங்கள். முட்டை இல்லையென்றால் உண்ணி, பேன், கொசுக்கடி அரிப்பு என்று தேடலாம்.

முன்னங்கால் முடியில் மஞ்சள் பொட்டுகள் ஒட்டியிருக்கின்றன. வேப்பிலை அரைத்துக் கொடுத்தால் சரியாகுமா?
– கடலூர் வாசகர்

அவை பாட் ஈயின் முட்டைகள். குதிரை நக்கும்போது பொரிந்து, வாய் வழியாக இரைப்பைக்குப் போய் அங்கே மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள், அல்லது வெந்நீரில் நனைத்த துணியால் அழுத்தித் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதை ஜனவரி ஐவர்மெக்டின் தீர்க்கும். வேப்பிலை, குப்பைமேனி கொடுப்பவர்கள் கொடுக்கும் முன்னும் 14 நாள் கழித்தும் முட்டையை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இறங்காவிட்டால் அதை நம்பிக் காத்திருக்கக்கூடாது.

மழைக்குப் பிறகு குதிரையின் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. நன்றாகத் தின்கிறது, காய்ச்சல் இல்லை. இதுவும் புழுவா?
– நாகப்பட்டினம் வாசகர்

இருக்கலாம், இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாட்டின் வயிற்றறையில் தீங்கில்லாமல் வாழும் செட்டேரியா என்ற புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுவரும். குதிரை உடலில் வழி தவறித் தண்டுவடத்துக்குள் புகுந்து நரம்பைக் கிழித்துவிடும். இதைக் கும்ரி என்பார்கள். லத்தியில் எதுவும் தெரியாது. ஐவர்மெக்டின் புழுவைக் கொல்லும், கிழிந்த நரம்பை ஒட்டவைக்காது. ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு. சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய், அடிபட்ட காயம், வெறிநோய் ஆகியவையும் இப்படித் தொடங்கும் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை குதிரையின் வாய்க்குள் கைவிடாதீர்கள். மாட்டுத் தொழுவமும் லாயமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பிரித்துவிடுங்கள். மாலை மங்கும் முன்பே லாயத்துக்குக் கொசுவலை கட்டி, சுற்றிலும் தேங்கிய நீரை வடியவிடுங்கள்.